வாய்க்கால்ல கெடக்குறது பொன்னாங்கண்ணியா அலிகேட்டர் களையா, எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

சூடாமணிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். குடவாசல் பக்கம் நம்ம ஊரு. எங்க சி வாய்க்கால்ல (பி வாய்க்கால்லேந்து பிரியற சின்னக் கிளை வாய்க்கால்) மதகுலேந்து கீழ்க்க தண்ணியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு கொடி படந்து கெடக்குங்க. பாத்தா அச்சு அசல் பொன்னாங்கண்ணிதான், இலை எதிரெதிரா, சின்ன வெள்ளைப் பூவு. எங்க அம்மா வாரத்துல ஒரு நாளாவது அதைக் கிள்ளிட்டு வந்து பாசிப்பருப்பு போட்டுக் கடையும், எங்க தெருவுல பாதிப் பேரு வீட்லயும் இதே கதைதான். போன வாரம் வெளியூர்லேந்து வந்த ஒருத்தரு வாய்க்காலப் பாத்துட்டு, "இது கீரை இல்லீங்க, அலிகேட்டர் களை, தென் அமெரிக்காவுலேந்து வந்தது, இத விட்டீங்கன்னா வாய்க்கால் பூராவும் அடைச்சிரும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுலேந்து அம்மா கீரை பறிக்கப் போவ மாட்டேங்குது, பக்கத்து வீட்டு சித்தி "நாப்பது வருசமா தின்னுட்டுதான இருக்கோம் ஒண்ணும் ஆவல"ன்னு இன்னும் பறிக்குது.

நானும் போன்ல, படம் எடுத்தா செடிப் பேரு சொல்ற லென்ஸ் வச்சுப் பாத்தேன். ஒரே கொடிய ஒரு பக்கம் எடுத்தா பொன்னாங்கண்ணிங்குது, கொஞ்சம் தள்ளி எடுத்தா அலிகேட்டர் களைங்குது, இன்னொரு படத்துக்கு வேற என்னமோ பேரு சொல்லுது, வாயில நொழையல. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா தண்ணி கடைமடைக்கு வர்றதுக்குள்ள வாய்க்காலச் சுத்தம் பண்ணணும்னு ஊர்ல பேசிக்கிட்டு இருக்காங்க, ஆளு விட்டு எடுக்கறதா பொக்லைன் விடறதான்னு இன்னும் முடிவாகல. அதனால தெரிஞ்சவங்க சொல்லுங்க, கையில பிடிச்சுப் பாத்தே ரெண்டையும் பிரிக்க முடியுமா, இது வேற களைதான்னா சாப்பிட்டது ஒண்ணும் பண்ணாதா, அள்ளிப் போடறதுல ஏதாவது பாத்துச் செய்யணுமா?

டெல்டா டிராக்டர்

இதுக்குப் போயி இவ்வளவு யோசனையா தம்பி. கீரையோ களையோ தண்ணிய மறிச்சா அது களைதான். பொக்லைன விட்டு அள்ளிக் கரையில போட்டுட்டுப் போயிட்டே இருங்க. வெங்காயத்தாமரைக்கும் அதான், நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் அதான். பேரு தெரிஞ்சு என்ன ஆவப்போவுது, பத்திரிகையா அடிக்கப் போறீங்க.

பாட்டனி வாத்தியார்

டிராக்டர் அண்ணன் சொல்றதுல பாதி சரி. தண்ணிய மறிச்சா எடுக்க வேண்டியதுதான். ஆனா எடுக்கற விதம் ரெண்டுக்கும் ஒண்ணு இல்லங்க, அங்கதான் பேரு வேலைக்கு வருது. பொன்னாங்கண்ணிய அள்ளிக் கரையில போட்டா பெரிய தொல்லை இல்ல. அலிகேட்டர் களைய அப்படிப் பிய்ச்சுப் போட்டா ஒரு கணு இருக்குற சின்னத் துண்டு போதும், அது வேர் விட்டு அடுத்த ஊரு வாய்க்கால்ல போயி புதுசா ஆரம்பிச்சிரும். தென் அமெரிக்காவத் தாண்டி வந்த நாடுகள்ல இது விதை வச்சுப் பரவறது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் தண்டுத் துண்டுலதான் பரவுது, அப்ப மிஷின விட்டு நறுக்குனா நாமளே நாத்து விட்ட மாதிரிதான்.

இனி விஷயத்துக்கு வர்றேன். ரெண்டும் ஒரே பேரினம், ஆல்டர்நாந்தெரா. நம்ம பொன்னாங்கண்ணி ஆல்டர்நாந்தெரா செசைலிஸ். அலிகேட்டர் களை ஆல்டர்நாந்தெரா ஃபைலாக்ஸிராய்டஸ், தென் அமெரிக்காவுல பரானா ஆத்துப் பக்கம் சொந்த ஊரு. சொந்தக்காரங்கங்கறதால மொகச்சாயல் இருக்கத்தான் செய்யும். இலையப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அதுலதான் எல்லாரும் தடுமாறுறது, லென்ஸும் அங்கதான் தடுமாறுது. பொன்னாங்கண்ணி இலையே வரப்புல இருந்தா விரல் நகம் அளவுக்கு இருக்கும், சேத்துல தண்ணியில செழிப்பா வளந்தா ரெண்டு மூணு இஞ்ச் வரும். தண்ணி எவ்வளவு, வெயில் எவ்வளவுன்னு பாத்து அது மாறிக்கிட்டே இருக்கும்.

பாக்க வேண்டியது கணுவை. நாத்தங்கால்ல குதிரைவாலிப் புல்லையும் நெல்லு நாத்தையும் எப்படிப் பிரிக்கிறீங்க? இலை விரியற இடத்த ஒடிச்சுப் பாத்தா நெல்லுக்கு உள்பக்கம் வெள்ளையா சவ்வு மாதிரி ஒரு நாக்கு நிக்கும், ரெண்டு பக்கம் மயிர் வச்ச காது இருக்கும், குதிரைவாலிக்கு ரெண்டும் கெடையாது, மொழுக்குனு இருக்கும். மேலேந்து பாத்தா ஒண்ணாத் தெரியறது சேர்ற இடத்துல பிரிஞ்சிரும். இதுலயும் அப்படித்தான்.

பொன்னாங்கண்ணியோட பூங்கொத்து இலைக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல நேரா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். காம்பே கெடையாது. ஒரு கணுவுல ஒண்ணுலேந்து நாலு உருண்டை வரைக்கும் நெருக்கமா, ஒவ்வொண்ணும் அரை சென்டிமீட்டர் சுமாருக்கு. அலிகேட்டர் களைக்கு அந்த இடுக்குலேந்து ஒரு தனிக் காம்பு நீட்டிக்கிட்டு வரும், ஒரு இஞ்ச், சில சமயம் ரெண்டு இஞ்சுக்கு மேலயும். அதோட நுனியில ஒரே ஒரு வெள்ளை உருண்டை, சென்டிமீட்டருக்கு மேல, காஞ்ச காகிதம் மாதிரி சரசரன்னு இருக்கும். தூரத்துலேந்து பாத்தாலே பூ இலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கறது தெரியும். பொன்னாங்கண்ணிப் பூவக் குனிஞ்சு இலைய ஒதுக்கித்தான் பாக்கணும். பூ இருந்தா இந்த ஒரு அடையாளமே போதும், வேற எதுவும் வேணாம்.

சாப்பிடறதப் பத்தி அப்புறம் எழுதறேன். பூவு எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுங்க. படம் போடறதா இருந்தா மேலேந்து எடுக்காதீங்க, ஒரு கொடியப் பிடுங்கி வெள்ளைத் தாள்ல வச்சு, கணுவப் பக்கவாட்டுல, பூ எங்கேந்து வருதுன்னு தெரியற மாதிரி எடுங்க.

கும்மோணம் கீரைக்கட்டு

வாத்தியார் சொன்ன காம்பு விஷயம் எங்களுக்குப் பழக்கத்துலயே தெரியும் ஆனா இப்படி வெளக்கத் தெரியாது. நான் கீரை வாங்கி விக்கிறவ, காலையில கட்டு கட்டா வரும்போது பூ தூக்கி நிக்கிற கட்டை நான் எடுக்கறது இல்ல. கேட்டா "அது பெரிய பொன்னாங்கண்ணி, தண்ணிப் பொன்னாங்கண்ணி"ன்னு சொல்லிக் குடுப்பாங்க. கடைஞ்சா கொழகொழன்னு நாரா இருக்கும், ருசியும் மட்டு.

மார்க்கெட்டுல இப்ப செகப்பா பெரிய இலையா ஒண்ணு வருதே, சீமைப் பொன்னாங்கண்ணின்னு, அது தோட்டத்துல போடறது, வேற ரகம், அதப் போட்டு இதோட கொழப்பிக்க வேணாம். அப்புறம் பள்ளிக்கூடத் திடல்லயும் ரோட்டு ஓரத்துலயும் தரையோட தரையா ஒண்ணு கெடக்கும் பாருங்க, பொன்னாங்கண்ணி இலை மாதிரியே வட்டமா, பூ காஞ்சா முள்ளாக் குத்தும், செருப்பு இல்லாம நடந்த புள்ளைங்க அழுதுக்கிட்டு வரும். புதுசா பறிக்க வர்ற பொண்ணுங்க அதையும் சேத்துக் கட்டிக்கிட்டு வந்துருவாங்க.

இன்னொண்ணு தம்பி, எந்தக் கீரையா இருந்தாலும் ஊரு சாக்கடை வந்து விழற எடத்துக்குக் கீழ பறிக்காதீங்க. நான் வாங்கறப்ப எந்த வாய்க்கால்னுதான் மொத கேள்வியே கேப்பேன்.

பாட்டனி வாத்தியார்

அந்த முள்ளு ஆல்டர்நாந்தெரா பங்ஜென்ஸ், அதுவும் தென் அமெரிக்காவுலேந்து வந்ததுதான் அம்மா. ஆனா அது காஞ்ச தரையில, நெறைய பேரு நடந்து மிதிக்கிற எடத்துலதான் கெடக்கும், வாய்க்கால் தண்ணியில மெதக்காது. பூங்கொத்து பொன்னாங்கண்ணி மாதிரியே இடுக்குல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், அதனால காம்பு வச்சு அதப் பிரிக்க முடியாது, கையால தொட்டா முள்ளு சொல்லிரும்.

சூடாமணிக்கரை

வாத்தியார் ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. இன்னிக்குக் காலையில வாய்க்கால்ல எறங்கிப் பாத்தேன். இப்பதான் கொழப்பம் ஜாஸ்தியாயிருக்கு. கரையோரம் சேத்துல இருக்கறதுல பூ இடுக்குல ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, அது பொன்னாங்கண்ணின்னு வச்சுக்குறேன். ஆனா நடுத்தண்ணியில மெதந்துக்கிட்டு இருக்கறதுல பல எடத்துல பூவே இல்ல. தண்ட ஒடிச்சுப் பாத்தேன், உள்ள வெறும் கூடா இருக்கு, ஊதுனா காத்துப் போவுது. ஒரு வீடியோவுல உள்ள கூடா இருந்தா அலிகேட்டர் களை, கெட்டியா இருந்தா பொன்னாங்கண்ணின்னு சொல்றாங்க. அத வச்சே முடிவு பண்ணிரலாமா? இலை ஜோடிக்கு நடுவுலேந்து வெள்ளை வேரு வேற தொங்குது.

பாட்டனி வாத்தியார்

தண்டு கூடா இருக்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அந்த வீடியோவ நானும் பாத்திருக்கேன், பாதி உண்மைய முழுசா விக்கிறாங்க. அலிகேட்டர் களை தண்ணியில மெதக்கறப்ப தண்டு தடிச்சு உள்ள கூடா இருக்கும், சரிதான், அந்தக் காத்துதான் அதை மெதக்க வைக்குது. அதே களை கரையில ஏறி வயல்ல வளந்துச்சுன்னா தண்டு மெலிஞ்சு கூடு சிறுத்துப் போயிரும். அந்தப் பக்கம் பொன்னாங்கண்ணியும் ஆழத் தண்ணியில மாட்டிக்கிட்டா தண்டு ஊதி உள்ள கூடாயிரும். ஆக கூடு இருக்குன்னா அது தண்ணியில வளந்துச்சுங்கறதுதான் தெரியுது. கணுவுல வேரு தொங்கறதும் ரெண்டுக்கும் பொது.

பூ இல்லாதப்ப என்ன பண்றதுன்னா, மொதல்ல அந்தக் கூட்டத்துலயே கொஞ்சம் மேட்டுப் பக்கமா, வெயில் நல்லா படற எடத்துல பூத்த கொடி கெடைக்குதான்னு தேடுங்க. ஒரே கொடியா இருந்தா கைய வச்சு இழுத்துக்கிட்டே போங்க, தண்ணியில பூக்காதது கரையில பூத்திருக்கும். கரையில பொன்னாங்கண்ணி இருக்கறதால நடுவுல இருக்கறதும் அதான்னு அர்த்தம் இல்ல, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு வளரும். உங்க லென்ஸ் மாத்தி மாத்திச் சொன்னதுக்கு அதுகூடக் காரணமா இருக்கலாம்.

பழைய பூ கெடைச்சா இன்னும் நல்லது. பழுப்பா காஞ்ச உருண்டைய உள்ளங்கையில வச்சுத் தேயுங்க. பொன்னாங்கண்ணியா இருந்தா தட்டையா இதய வடிவத்துல பொடிப்பொடியா காய் உதிரும், அதுக்குள்ள கருப்பா பளபளன்னு ஒரு விதை, ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு. அலிகேட்டர் களையில தேய்ச்சா வெறும் சருகுதான் வரும், விதை கெடைக்காது. கையில லென்ஸ் கண்ணாடி இருந்தா புதுப் பூவப் பிரிச்சும் பாக்கலாம், அலிகேட்டர் களையில மகரந்தம் தாங்குற கேசரம் அஞ்சு, பொன்னாங்கண்ணியில பெரும்பாலும் மூணு. அவ்வளவு தூரம் போவ வேண்டியதில்ல, நமக்குக் காம்பும் விதையுமே தாராளம்.

தண்ட வெளிச்சத்துல வச்சுத் திருப்பிப் பாருங்க, பொன்னாங்கண்ணியில ரெண்டு பக்கமும் நீளத்துக்கு மெல்லிசா மயிர் வரிசை ஓடும், கணுவுல கொஞ்சம் அடர்த்தியா. இது துணை அடையாளம்தான். அலிகேட்டர் களையிலயும் எளந்தண்டுல மயிர் இருக்கும்.

இலை மாத்தி மாத்தி வந்திருந்தா ரெண்டுமே கெடையாது. வள்ளைக்கீரையும் தண்டு கூடா தண்ணியில ஓடும், ஆனா இலை ஒண்ணு விட்டு ஒண்ணு, பூ ஊதா கலந்த வெள்ளையில ஒலிபெருக்கிக் குழா கணக்கா இருக்கும். நீர்க்கிராம்பு வகையில ஒண்ணு கணுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி மெதவை வச்சுக்கிட்டு ஓடும், அதுக்கும் இலை மாத்தி மாத்திதான். அதனால மொதப் பார்வை, இலை எதிரெதிரா இருக்கான்னு. இல்லேன்னா அத்தோட விட்டுருங்க.

மெல்பேர்ண் மயூரன்

இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வரேக்க சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. இஞ்ச அவுஸ்திரேலியாவில இது பெரிய கதை. நாங்கள் பொன்னாங்காணி எண்டு சொல்லுறது, சிங்களத்தில முக்குனுவென்ன. ஊரில சாப்பிட்டுப் பழகின கீரை எண்டு நினைச்சு இஞ்ச இருக்கிற இலங்கை ஆக்கள் கனபேர் வீட்டு வளவுகளில வளத்தது அலிகேட்டர் களையைத்தான். 1990களில அதைக் கண்டுபிடிச்ச உடன அரசாங்க ஆக்கள் வீடு வீடா வந்து பிடுங்கினவை. ஏனெண்டால் இஞ்ச அது வளக்கவே தடை செய்த களை, ஒரு துண்டு வாய்க்காலுக்குள்ள போனால் போதும் எண்டு அவ்வளவு பயம். ஆக்களைக் குற்றஞ்சாட்டாமல், இதுக்குப் பதிலா இந்த நாட்டில தானா வளர்ற அதே இனத்துக் கீரை ஒண்டை, ஆல்டர்நாந்தெரா டென்டிகுலாட்டா எண்டதை, வளத்துச் சாப்பிடுங்கோ எண்டு நாத்தும் குடுத்தவை. அது எனக்குப் பிடிச்ச விசயம்.

எங்கட அம்மா இப்பவும் அந்த நாத்தில வந்ததைத்தான் வறை செய்யிறவ. ருசி ஊர்ப் பொன்னாங்காணிக்குக் கிட்ட வரும், அதுவே இல்லை. ஆக, பாத்து ஏமாந்தது உங்கட தெரு மட்டுமில்லை, கடல் கடந்தும் நடந்தது.

டெல்டா டிராக்டர்

சரி ஒத்துக்குறேன், பேரு தெரியறதுல விஷயம் இருக்கு. ஆனா வாத்தியாரே, சாப்பிட்டது என்ன ஆவும்னு அவரு கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. எங்க மாடும் அதே வாய்க்கால்லதான் மேயுது.

பாட்டனி வாத்தியார்

ஆமா, விட்டுப்போச்சு. பயப்பட ஒண்ணும் இல்ல. அலிகேட்டர் களையோட எளந்தளிர சில ஊர்கள்ல கீரையாவே சமைக்கிறாங்க, சாப்பிட்டவுடனே விஷம்னு சொல்ற சாமான் இல்ல. கீரைக்கட்டு அம்மா சொன்னதுதான் இங்க முக்கியம். இந்தக் களை தண்ணியில இருக்குற கன உலோகங்கள உறிஞ்சி தண்டுலயும் இலையிலயும் சேத்து வச்சுக்கும், அதனாலதான் கழிவுநீரச் சுத்தம் பண்றதுக்கு இதை வச்சு ஆராய்ச்சியே பண்றாங்க. அப்படிப்பட்டத சாக்கடை கலக்குற வாய்க்கால்லேந்து கிள்ளி வாரா வாரம் சாப்பிடறது நல்லதில்ல. சுத்தமான தண்ணியில கெடந்தா கூட நான் சாப்பிட மாட்டேன், நல்ல பொன்னாங்கண்ணி இருக்கறப்ப இது எதுக்கு.

மாட்டுக்கு, கொஞ்சம் கடிச்சா ஒண்ணும் ஆவாது. இதையே தீவனமா தின்னா வெளுத்த தோலு இருக்குற மாட்டுக்கு வெயில் பட்ட எடத்துல தோலு புண்ணாவுறது வெளிநாடுகள்ல பதிவாகியிருக்கு. மூக்கு, மடி, காது ஓரம் பாத்துக்குங்க. காட்டாமணக்கு அளவுக்கு மோசம் இல்ல. நெய்வேலிக் காட்டாமணக்கு ஆட்டுக்கு நெசமாவே ஆவாது, தொடந்து தின்னா நரம்பு கெட்டுத் தள்ளாடி விழுந்துரும்.

அசோலா அண்ணாச்சி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் நீடாமங்கலம் பக்கம், மாட்டுக்கு அசோலாத் (தண்ணியில மெதக்குற தீவனப் பெரணி) தொட்டி வச்சிருக்கேன். குளத்துல அதே மாதிரி பச்சையா மெதக்குது, அள்ளித் தொட்டியில விட்டா பெருகுமான்னு பாக்குறேன். கொஞ்சம் பெரிய இலையா இருக்கு. அதுவும் அசோலாதானா?

பாட்டனி வாத்தியார்

அண்ணாச்சி விட்டுறாதீங்க, மொதல்ல ஒண்ண எடுத்துக் கையில வச்சுப் பாருங்க. அசோலா ஒரு செடி முழுசாவே ஒரு இஞ்சுக்குள்ளதான், இலை செதில் செதிலா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இருக்கும், வெயில் ஜாஸ்தியானா செவந்துரும், கீழ நெசமான மெல்லிய வேரு தொங்கும். உங்களது இலை நகத்தவிடப் பெருசா, ரெண்டு ரெண்டா ஜோடியா, மேல தடவினா மயிர் மயிரா இருந்து தண்ணி ஒட்டாம உருண்டு ஓடுச்சுன்னா அது சால்வீனியாங்கற வேற களை. கீழ பழுப்பா வேரு மாதிரி தொங்கறது கூட வேரு இல்ல, உருமாறுன இலை. அதைத் தொட்டியில விட்டீங்கன்னா அசோலாவ அமுக்கிரும், மாடும் விரும்பித் திங்காது. கேரளாவுல காயல் காயலா அடைச்சுக் கெடந்தது இதோட அண்ணன் சால்வீனியா மொலெஸ்டாதான், ஆஸ்திரேலியாவுலேந்து கொண்டாந்த ஒரு சின்ன கூன்வண்ட 1983 வாக்குல பெங்களூருல மொதல்ல விட்டு அப்புறம் கேரளாவுல விட்டுத்தான் அது அடங்குச்சு. உங்க பக்கத்துலயே நீடாமங்கலத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அசோலா வித்து அங்க கேட்டுப் பாருங்க, குளத்துலேந்து அள்ளாதீங்க.

டெல்டா டிராக்டர்

அதே மாதிரி வண்டு ஒண்ண இந்தக் களைக்கும் விட வேண்டியதுதானே?

பாட்டனி வாத்தியார்

இருக்குண்ணே. அகாசிக்கிளிஸ்னு ஒரு தத்துவண்டு, அமெரிக்காவுல 1964லயே விட்டாங்க, ஆஸ்திரேலியாவுல 1977ல விட்டாங்க. தண்ணியில மெதக்கறத நல்லா திங்குது. கரையில ஏறி வேரூன்டி நிக்கறத அவ்வளவாத் தொடறதில்ல, ஏன்னா அது கூட்டுப்புழு ஆவறதுக்குக் கூடான தண்டு வேணும். அதோட வெளிநாட்டுப் பூச்சிய நாமளா கொண்டாந்து விடவும் முடியாது, சோதனை அனுமதி எல்லாம் இருக்கு, இல்லேன்னா நாளைக்கு நம்ம பொன்னாங்கண்ணியையே தின்னா யாரு பதில் சொல்றது.

வெண்ணாத்து வீரன்

அள்ளறதப் பத்தி யாரும் முழுசாச் சொல்லல, நான் சொல்றேன். எங்க பக்கம் ஒரு வடிகால்ல இதே களை வந்து, ஒப்பந்தக்காரரு மிஷின விட்டு அள்ளி ரெண்டு கரையிலயும் குமிச்சுட்டுப் போயிட்டாரு. பாக்க சுத்தமாத்தான் இருந்துச்சு. தண்ணி வந்து கரை நனைஞ்சதும் குமியல் பூராவும் பச்சை விட்டு, அங்கேந்து வழிஞ்சு வாய்க்கால்ல எறங்கிருச்சு, முன்னாடி இல்லாத கீழ வாய்க்காலுக்கும் போயிருச்சு. அதுக்கப்புறம் எங்க பாசனதாரருங்க சேந்து செஞ்சது இதான்.

எடுக்கறதுக்கு முன்னாடி கீழ்ப்பக்கம் மதகுலயோ குழாய்ப் பாலத்துலயோ பழைய மீன் வலைய கெட்டியா குறுக்கக் கட்டுங்க, அறுந்த துண்டு எல்லாம் அதுல வந்து நிக்கும், அப்பப்ப அதை வாரிக்கிட்டே இருக்கணும். வலை கட்டாம கத்தி வைக்காதீங்க. வேலைய மேலேந்து கீழ கொண்டு வாங்க, கீழ மொதல்ல சுத்தம் பண்ணிட்டு மேல போனா அறுந்தது எல்லாம் சுத்தம் பண்ண எடத்துலயே வந்து உக்காரும், வேலை ரெட்டிப்பு. தண்ணி இல்லாத இந்த மாசம்தான் இதுக்கு நல்ல நேரம், தேங்கி நிக்கிற குட்டையில மட்டும்தான் இருக்கும். கையால பிடுங்கறது நல்லது, அறுக்காம சுருட்டி இழுத்தா முழுசா வரும். கரையில வேரூன்டி இருக்கறத மம்முட்டியால தோண்டித்தான் எடுக்கணும், மேல இழுத்தா தண்டு மட்டும் கையோட வரும், கீழ ரெண்டு அடி வரைக்கும் வெள்ளையா தடிச்ச வேரு கெடக்கும், அதுலேந்து திரும்பத் தளைக்கும்.

எடுத்தத கரையில போடாதீங்க. டிரெய்லர்ல தார்ப்பாய் விரிச்சு ஏத்தி, தண்ணி வராத மேட்டுல, சிமெண்டுக் களம் இருந்தா ரொம்ப நல்லது, மெல்லிசாப் பரப்பிக் காய விடுங்க. குமிச்சு வச்சா மேல காஞ்சு உள்ள பச்சையாவே இருக்கும், சித்திரை வைகாசி வெயில்னாலும் அப்படித்தான். நல்லா சருகாகி ஒடியற பதம் வந்ததும் கொளுத்திருங்க. எருக்குழியில பச்சையா போட்டுறாதீங்க, எருவோட சேந்து வயலுக்குப் போயிரும். வயல்ல ஏற்கனவே வந்திருந்தா ரோட்டவேட்டர் ஓட்டவே கூடாது, அதுக்கு அதவிட நல்ல விருந்து வேற இல்ல.

வாய்க்கால்ல மருந்து அடிக்கலாமான்னு யாராவது வருவாங்க. அந்தத் தண்ணியிலதான் மாடு குடிக்குது, நாத்தங்காலுக்குப் பாயுது, வேணாம்.

கும்மோணம் கீரைக்கட்டு

இதுல ஒண்ணு சேத்துக்குங்க தம்பி. கரையோரத்துல நல்ல பொன்னாங்கண்ணி இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதையும் சேத்து வழிச்சு எடுத்துறாதீங்க. அதைப் பறிச்சு வித்துப் பொழைக்கிற பொம்பளைங்க இருக்காங்க. பறிக்கிறவங்களையே கூட்டிட்டுப் போயி காம்பு அடையாளத்தக் காட்டிக் குடுங்க, அவங்களுக்கு ஒரு தடவை சொன்னா போதும், உங்க போனவிட வேகமாப் பிரிச்சுருவாங்க.

சூடாமணிக்கரை

எல்லாரும் சொன்னத வச்சு சித்தியவும் அம்மாவையும் கூட்டிட்டுப் போயி திரும்பப் பாத்தோம். கரையோரம் ரெண்டு பக்கமும் பொன்னாங்கண்ணிதான், காஞ்ச பூவத் தேய்ச்சா கருப்பு விதை உதிருது. நடுத்தண்ணியில இருக்கறத இழுத்துக்கிட்டே போனா மதகு ஓரம் வெயில் படற எடத்துல காம்போட பூத்திருக்கு, தேய்ச்சா வெறும் சருகு. ஆக ரெண்டும் இருக்கு, அந்த வெளியூர்க்காரரும் தப்பில்ல சித்தியும் தப்பில்ல. சித்தி இதுவரைக்கும் கரையிலதான் பறிச்சுதாம், தண்ணியில எறங்குனதே இல்லையாம், "நான்தான் சொன்னேன்ல"ன்னு இப்ப ஊர் பூராவும் சொல்லிக்கிட்டு இருக்கு.

மேலேந்து கீழன்னு வீரன் அண்ணன் சொன்னபடியே ஊர்ல பேசிட்டோம், மிஷின் வேணாம், கையாலதான். மீன் வலை ரெண்டு பேரு குடுக்கறேன்னாங்க. ஒரு சந்தேகம், மதகுக்கு மேல பி வாய்க்கால்லயும் இது இருக்கு, அது எங்க ஊரு எல்லை இல்ல. அத எடுக்காம நாங்க மட்டும் எடுத்தா பிரயோஜனம் உண்டா?

வெண்ணாத்து வீரன்

அவங்களையும் சேத்துக்கிட்டு எறங்கறதுதான் வழி. அவங்க வரலேன்னா, உங்க மதகோட மேல்பக்கம் ஒரு வலையக் கட்டி வச்சு, தண்ணி தொறந்த மொத ரெண்டு வாரமும் தெனம் ஒருத்தரு போயி அதுல சிக்குறத வாரிப் போடணும், மொதத் தண்ணியிலதான் துண்டு ஜாஸ்தியா வரும். வலையில குப்பை சேந்து தண்ணி மறிச்சா மதகுக்காரரு சத்தம் போடுவாரு, அவருகிட்ட முன்னாடியே சொல்லி வச்சுருங்க. சம்பா நடவுக்கு முன்னாடி இன்னொரு தடவை கரையோரம் நடந்து பாத்து, காம்போட பூ தெரியற எடத்துல மட்டும் தோண்டி எடுத்துருங்க.